பாக்கியத்தின் குரலில் ஒரு ‘இருக்கேங்க’

மாதாமாதம் பிரஷர் மருந்துக்காக நான் போகும் பதுளை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார ஒரு நீள வாங்கு உண்டு. அதற்கு ஒரு கால் குட்டை. ஒருவர் எழும்பினால் மிச்சம் எட்டுப் பேரும் சாமிக்குக் குனிவது போல ஒரு தரம் குனிந்து நிமிர வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தோம். வெளியே தூறல். யாரோ பையில் கருவாடு வைத்திருந்தார்கள். டெட்டோலும் கருவாடும் கலந்த மணம். நர்ஸ் மிஸ்ஸி கதவைத் திறந்து, கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“பாக்கியம்! பாக்கியம் இருக்கா?”

என் பெயர் அங்கம்மா. அவள் கூப்பிட்டது வாங்கின் மறுகோடியில் இருந்த ஒரு அம்மாவை. அந்த அம்மா முழங்காலைப் பிடித்து, முருகனைக் கூப்பிட்டு, எழும்புவதற்குள் ஒரு குரல் கேட்டது.

“இருக்கேங்க!”

கரகரத்த குரல். பாதி இருமல், பாதி அதட்டல். எனக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. ஏனென்றால் அது என் கூட்டாளி பாக்கியத்தின் குரல். அவள் மண்ணுக்குள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

குரல் வந்தது என் வாயிலிருந்து.

வாங்கில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிஜப் பாக்கியம், “ஏங்க, நீங்களும் பாக்கியமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லப் பார்த்தேன். பல் கிடுகிடுவென்று அடித்தது. நான் வைத்திருந்த குடை கீழே விழுந்தது, அடுத்தது நான்.

குரல் கொடுப்பது என்றால்

இந்த இடத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பேர். கணக்கப்பிள்ளை புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். இருக்கிறேன் என்று குரல் வந்தால் கோடு விழும், அன்றைக்கு வேலை உண்டு. குரல் வராவிட்டாலோ, சொன்ன இடத்தில் ஆள் இல்லாவிட்டாலோ, பேரை வெட்டிவிடுவார்கள், அன்றைய கூலி போச்சு.

பெரட்டு நேரத்தில் எங்கள் மலையில் மூடுபனி இறங்கி நிற்கும். நாங்கள் தலையில் சாக்கும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளுமாக நிற்போம். எங்களைப் பெற்றவர்களே வந்தாலும் யார் எவள் என்று தெரியாது. கணக்கப்பிள்ளைக்கோ மூக்குக்கண்ணாடி முழுக்க நீராவி. அவருக்குக் காதுதான் கண்.

ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், அரை மணி பிந்தும் என்று வையுங்கள். அவளுக்காக இன்னொருத்தி குரல் கொடுப்பாள். இவள் பின்னால் ஓடி வந்து கொழுந்து பறிக்கும் நிரையில் சேர்ந்துகொள்வாள். இதைத் தப்பு என்று யாராவது எழுதினால், அவர் ஒரு நாள் காலையில் மூன்று பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலை ஏறிப் பார்க்கட்டும்.

பாக்கியத்துக்கு நானும் எனக்குப் பாக்கியமும். முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரை, லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. என் குரலை அவள் செய்தால் ஆடு கத்துவது போல இருக்கும். அவள் குரலை நான் செய்தால் அவளே திரும்பிப் பார்ப்பாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன வாரம் இதே பத்திரிகையில் நான் என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, செத்தவரை இப்படியா ஏசுவது என்று பண்டாரவளையிலிருந்து ஒரு ஐயா கடிதம் போட்டிருக்கிறார். உயிரோடு இருந்தபோது ஏச நேரம் கிடைக்கவில்லை ஐயா. மலைக்குப் போகவேண்டியிருந்தது.

கோடாங்கி கேட்ட கோழி

மலை சரிந்து எங்கள் லயத்தை மூடிய பிறகு எங்களுக்கு ரோட்டோரமாகப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஏழு பேர்ச் அளவில் துண்டுக் காணி, தகரக் கூரை, வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய். என் வீட்டுக்குப் பக்கத்து வீடு பாக்கியத்தின் மகள் செல்விக்கு.

செல்வி எல்லா என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களின் படுக்கை விரிப்புத் துவைக்கிறாள். மலை சரிந்த அன்றைக்கு அங்கே இருந்ததால்தான் தப்பினாள். வேலை முடிந்து வந்ததும் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் நீளும். “பெரியம்மா, மீன் குழம்பு. உப்புக் கூடிருச்சுன்னு சொன்னா நாளைக்குத் தர மாட்டேன்.” உப்பு எப்போதும் கூடத்தான் இருக்கும். நான் சொன்னதில்லை. வேறொன்றையும் சொன்னதில்லை. அதைச் சொன்னால் கிண்ணம் நின்றுவிடும். என் மகன் கொழும்போடு போனவன். எனக்கு மிஞ்சியது அந்தக் கிண்ணம்தான்.

புது வீட்டில் எல்லாம் நல்லபடி. மழைதான் சரியில்லை.

தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால், அடையாள அட்டையையும் ஒரு சேலையையும் பையில் திணித்துக்கொண்டு ரோட்டில் போய் நிற்பேன். பஸ்காரர்கள் எனக்காக நிறுத்திப் பார்த்து ஏசிவிட்டுப் போவார்கள். மண் ஈர மணம் வந்தால் சோறு இறங்காது. ஒரு தடவை கடை முன்னால் லொறியில் கருங்கல் கொட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நான் கடைக்குள் பாய்ந்து முதலாளியை வெளியே இழுத்தேன். முதலாளி வரவில்லை, அவருடைய இடுப்புச் சாரம் மட்டும் என்னோடு வந்தது. பாவம், உயிரைக் காப்பாற்றப் போய் மானத்தை வாங்கிவிட்டேன்.

பேய் பிடித்திருக்கிறது என்று என்னைக் கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். உடுக்கை அடித்து, விபூதியை என் கண்ணிலேயே ஊதிவிட்டு, அவர் சொன்னார்: “பாக்கியம்தான் வந்திருக்கா. சேவக்கோழி கேக்குறா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாக்கியத்துக்குக் கோழி ஆகாது. தின்றால் உடம்பு முழுக்கத் தடித்துவிடும். செத்த பிறகு அவளுக்கு அது சரியாகிவிட்டதா என்று கேட்டேன். கோடாங்கிக்குக் கோபம். கோழியை அவரே கொண்டுபோனார்.

மூச்சு விடச் சொல்லித் தந்தவர்

வாங்கிலிருந்து விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் என்னைத் தூக்கி உட்கார வைத்து, பிரஷர் பார்த்து, சீனித் தேத்தண்ணீர் கொடுத்து, கௌரி மிஸ்ஸிடம் அனுப்பினார்கள்.

கௌரி மிஸ் பதுளை பஜாரில் துணிக்கடைக் குடும்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் வேலைக்கு உளவளத்துணை என்று பேர். அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பஸ் போய்விடும். நான் பேச்சு மிஸ் என்றுதான் சொல்வேன்.

“ஊசி இல்லையா?” என்றேன்.

“இல்லைங்கம்மா. பேசுறதுதான்.”

“பேச்சுல வியாதி போகும்னா எங்க லயத்துல ஒருத்திக்கும் ஒரு வியாதியும் இருந்திருக்காதே மிஸ்.”

முதலில் மூச்சு விடச் சொல்லித் தந்தார். எழுபது வருஷமாக விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அதை மெதுவாக விடச் சொன்னார். அப்புறம் பயம் வரும்போது கண்ணில் படுகிற ஐந்து பொருள், கையில் படுகிற நாலு, காதில் விழுகிற மூன்று என்று சொல்லப் பழக்கினார். இந்த இடத்தில் இப்போது இருக்கிறோம் என்று உடம்புக்கு ஞாபகப்படுத்துகிற வேலையாம்.

அடுத்த மழைக்குச் செய்து பார்த்தேன். கதவு, குழாய், நாய், நாயின் வால், பக்கத்து வீட்டுக்காரன் போதையில் விழுந்து கிடப்பது. ஐந்து சரி. அவனை ஏச ஆரம்பித்ததில் நாலையும் மூன்றையும் மறந்துவிட்டேன். ஆனால் ரோட்டுக்குப் போகவில்லை. ஏசுவதும் மருந்தா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். “உங்களுக்கு வேலை செஞ்சா செய்ங்க” என்றார். அன்றைக்குத்தான் இந்த மனுஷி கொஞ்சம் உருப்படி என்று நினைத்தேன்.

தாவிய இடம்

பிறகு பெரிய வேலை ஆரம்பித்தது. அந்தக் காலையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். ஒரு தரம் இல்லை. வாரா வாரம்.

“சொன்னதையே சொல்ல நான் என்ன கிளியா?”

“சொல்லச் சொல்லத்தான் அது பழைய காலையா மாறும். இப்ப உங்களுக்கு அது தினமும் புதுசா நடக்குது.”

அதில் உண்மை இருந்ததால் கோபம் வந்தது. சொன்னேன்.

நன்றாகவே சொன்னேன். முந்தின வாரமெல்லாம் மழை. பெரட்டு முடிந்து எதிர் மலைக்குப் போனோம். முதலில் சத்தம் வரவில்லை, மணம்தான் வந்தது. அப்போதுதான் கிழங்கு தோண்டிய மண்ணின் மணம், ஆயிரம் மடங்காக. திரும்பிப் பார்த்தால் லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. ஒரு கிண்ணம் தேங்காய்த் துருவலைக் கவிழ்த்துவிட்டது போல மண் மட்டும்.

மூன்று வாரம் இப்படிச் சொன்னேன். நாலாம் வாரம் மிஸ் கேட்டார். “பெரட்டு எப்படி நடந்துச்சுங்கம்மா?”

“வழமை போலத்தான்.”

“மூணு வாரமும் பெரட்டுன்னு சொல்றப்ப மட்டும் உங்க கை சேலைத் தலைப்பை முறுக்குது.”

குனிந்து பார்த்தேன். தலைப்பு கயிறாகியிருந்தது. காட்டிக் கொடுத்த கையை என்ன செய்வது? வெட்டவா முடியும்?

அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

பாக்கியத்துக்கு அன்று பல்வலி. தாடை வீங்கி, துணியால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். “அங்கம்மா, நீ பெரட்டுல குரல் குடுத்துரு. கிராம்பு வச்சுக் கொஞ்சம் படுத்துட்டு வந்துர்றேன்” என்றாள். நான், “பல்லுப் புடுங்குற வரைக்கும் உனக்கு நான்தான் வாயி” என்றேன். வலியோடு சிரித்தாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அது.

பெரட்டில் அவள் பேர் வந்தபோது, அவளுடைய கரகரத்த குரலில், நன்றாகவே கொடுத்தேன். கோடு விழுந்தது.

மலை விழுந்த பிறகு கணக்கப்பிள்ளை ஓடிவந்தார். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். எல்லாரும் அழுகிறார்கள், கத்துகிறார்கள். யார் மலையில், யார் லயத்தில் என்று தெரிந்தால்தானே எங்கே தோண்டுவது என்று தெரியும்? புத்தகத்தைத் திறந்து வாசித்தார். கோடு விழுந்த பேரெல்லாம் வேலை நடக்கும் எதிர் மலையில், உயிரோடு. கோடு இல்லாதவர்களைத்தான் தேட வேண்டும்.

“பாக்கியம், மலையில” என்றார். அடுத்த பேருக்குப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம் என்ன தெரியுமா? உண்மையைச் சொன்னால் எங்கள் இரண்டு பேருடைய பேரையும் வெட்டிவிடுவார்கள் என்பது. கண் முன்னால் ஒரு மலையே விழுந்து கிடக்கிறது. லயமே இல்லை. நான் அன்றைய பேரைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கிறேன். முப்பது வருஷம் பெரட்டுக்களத்தில் நின்ற உடம்பு. அதற்கு வேறு பயம் தெரியவில்லை.

அப்புறம்தான் கத்தினேன். “ஐயா, பாக்கியம் மலையில இல்லைங்க! காம்பராவுல இருக்குதுங்க!”

ஆட்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். மூன்றாம் நாள்தான் கிடைத்தாள். தாடையில் கட்டிய துணி அவிழவில்லை. பெரட்டில் நின்றுவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போயிருப்பாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நான் நினைக்க விட்டேன். செல்வியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கைக்கடிகாரம்

அழாதீங்க என்று கௌரி மிஸ் சொல்லவில்லை. உங்கள் மேல் தப்பே இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பேன்.

“எவ்வளவு நேரம் பேசாம நின்னீங்க?”

“அரை நாள் இருக்கும் மிஸ்.”

“கணக்கப்பிள்ளை வாசிச்ச மாதிரி இப்ப வாசிங்க. கத்துன இடம் வந்ததும் கத்துங்க.”

கண்ணை மூடிக்கொண்டு கணக்கப்பிள்ளையின் மூக்கடைத்த குரலில் வாசித்தேன். அந்தப் புத்தகத்தின் பேர் வரிசை எனக்கு மனப்பாடம். பாக்கியம். பார்வதி. பூமாலை. பூரணம். பெரியக்கா. மாரியாயி. முத்துலட்சுமி. அந்த இடத்தில் என் தொண்டை தானாகக் கத்தியது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்களாம்.

கண்ணைத் திறந்தேன். மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரை நிமிஷங்கூட இல்லைங்கம்மா.”

“மணிக்கூடு சரியா ஓடுதா மிஸ்?”

“சரியாத்தான் ஓடுது.”

ஏழு பேர். ஏழு பேரை வாசிக்கிற நேரம். அதை நான் வருஷக்கணக்காகத் தலையில் சுமந்து அரை நாளாக்கியிருக்கிறேன்.

“அந்த அரை நிமிஷம் முந்திச் சொல்லியிருந்தா அவ பிழைச்சிருப்பாளா?”

“எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததோடயே இருக்கப் பழகணும். அதுக்கு நான் கூட இருப்பேன்.”

இது என்ன வைத்தியம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், ஹாலி எல ஊர் தாண்டும்வரை தூங்கினேன். மழை பெய்ததாம். நடத்துனர்தான் எழுப்பினார்.

மாதுளம் தோல்

சொன்னதையெல்லாம் மகன் அனுப்பிய போனில் பதிந்து, வீட்டில் தினமும் ஒரு தரம் கேட்கச் சொன்னார் மிஸ். செல்வி காதில் விழுந்துவிடக் கூடாதே! எனவே கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். முதல் நாட்களில் நெஞ்சு படபடத்தது. அப்புறம் குறைந்தது. பத்தாம் நாள் கேட்டபோது, இந்தக் கிழவி இவ்வளவு மூக்கை உறிஞ்சுகிறாளே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. மிஸ்ஸிடம் சொன்னேன். அதுதான் குணமாகிற அடையாளம் என்றார்.

ஆனால் தினமும் அரை மணி நேரம் கக்கூசில் இருந்தால் ஊர் சும்மா விடுமா? ஒரு சாயங்காலம் செல்வி ஒரு செம்போடு வந்தாள்.

“இந்தாங்க பெரியம்மா. மாதுளம் தோல் அவிச்சது. கசக்கும், குடிச்சுருங்க. வயித்துக்கு என்னன்னு வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன? எங்கம்மாவும் இப்படித்தான், பல்லு வலியைக்கூட எங்கிட்டச் சொல்லல.”

குடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கசப்பை விழுங்கியதில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். மிஸ் போகச் சொல்லவில்லை. “சொல்றதும் சொல்லாததும் உங்க முடிவு” என்றுதான் சொல்லியிருந்தார். செல்வி குந்தி இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பல்வலி, குரல், கோடு, ஏழு பேர், எல்லாம். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னேன்.

துருவுகிற சத்தம் நின்றது. பாதித் தேங்காய் அவள் கையில் இருந்தது.

“எல்லாருக்கும் முன்னால நின்னுக்கிட்டு ஏழு பேரு வாசிச்சு முடிஞ்சப்புறந்தான் சொன்னீங்களா?”

“ஆமா.”

“நீங்க போங்க பெரியம்மா.”

போனேன். பின்னால் துருவுகிற சத்தம் மறுபடி கேட்டது, வேகமாக. சிரட்டையையும் சேர்த்துத் துருவியிருப்பாள்.

கிண்ணம் நின்றுவிட்டது. என் வீட்டுக் கிண்ணம் ஒன்று அவளிடம் இருந்தது. அதைக் கழுவி அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாள். மழை பெய்தது, நான் ரோட்டுக்குப் போகவில்லை. தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. வியாதி போய்விட்டது, செல்வியும் போய்விட்டாள். கௌரி மிஸ்ஸிடம், “நல்ல வைத்தியம்! ஒண்ணக் குடுத்து ஒண்ணப் புடுங்கிட்டீங்க” என்று ஏசினேன். அவர் ஏச்சு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடியும் அந்த வாங்கு

அடுத்த மாத கிளினிக் நாள். பஸ் ஏறினால், எனக்கு இரண்டு சீட் முன்னால் செல்வியின் முதுகு. வேலைக்குப் போகும் நாள், ஹோட்டலுக்குப் போக வேண்டியவள் பதுளை பஸ்ஸில் இருக்கிறாள். நான் கூப்பிடவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. அவளும் திரும்பவில்லை. தாயைப் போலவே கழுத்து விறைத்த சாதி.

ஆஸ்பத்திரியில் நொண்டி வாங்கின் ஒரு கோடியில் நான், மறுகோடியில் அவள். யாராவது எழும்பும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து நிமிர்ந்தோம்.

பசித்தது. எனக்கு முன்னால் நிறைய ஆள் இருந்ததால், கன்டீனுக்குப் போய்ப் பிளேன்டீ குடித்து, ஒரு பணிஸ் ரொட்டி வாங்கிக் கடித்துக்கொண்டு வந்தேன். வராந்தா முனையைத் திரும்பும்போது மிஸ்ஸியின் குரல்.

“அங்கம்மா! அங்கம்மா இருக்கா? இல்லையா? அடுத்தது…”

என் வாய் நிறையப் பணிஸ். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை.

“இருக்காங்க!”

கரகரத்த குரல். பாதி இருமல், பாதி அதட்டல். செல்வி எழும்பி நின்றிருந்தாள். வாங்கு முழுவதும் குனிந்து நிமிர்ந்தது.

“இருக்காங்க மிஸ்ஸி! இந்தா வர்றாங்க, வெட்டிறாதீங்க!”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஐந்து பொருள் பார்த்தேன். வாங்கு, கதவு, மிஸ்ஸியின் தொப்பி, செல்வியின் செருப்பு, செல்வி.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஒரு இடத்துல இருக்கத் தெரியாதா உங்களுக்கு? போங்க உள்ள!”

விழுங்கி முடித்து, எனக்கு வாயில்லையா என்று ஒரு அதட்டல் போட்டேன். அப்புறம் குடையையும் மிச்சப் பணிஸையும் அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது அவள் கையில் குடை மட்டும்தான் இருந்தது.